செக்கடியார் பதில்கள்: காறல் ஸ்பெஷல்

போன தீபாவளிக்கு வாங்கிய எண்ணெயை இந்தத் தீபாவளிக்குள் தீர்த்துவிடத் துடிக்கும் வாசகர்களிடமிருந்து ஒரு மூட்டைக் கடிதம். மூட்டையே லேசாக வாடையடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன்.

மாமியார், மன்னார்குடி
15 கிலோ டின் கடலை எண்ணெய் வாங்கினால் மலிவு என்கிறேன் நான். ஒரு லிட்டர் பாக்கெட் போதும் என்கிறாள் மருமகள். நீங்கள் யார் கட்சி?

வீட்டில் எத்தனை தலை என்று எழுதவில்லையே அம்மா! பத்துத் தலை என்றால் உங்கள் கட்சி. மூன்று தலை என்றால் மருமகள் கட்சி. டின்னைத் திறந்த அன்றே காற்று உள்ளே குடிவந்துவிடும். கடைசி ஐந்து கிலோ உங்களுக்கு முன்னால் அதற்குப் பந்தி.

பிளஸ் டூ மாணவன், திருச்சி
எண்ணெய் ஏன் கெட்டுப்போகிறது? சுருக்கமாக.

கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு என்று ஓர் ஓட்டை உண்டு. ஆக்சிஜன் அதில் கையை விடும். முதலில் உண்டாவது ஹைட்ரோபெராக்சைடு. அதற்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. அது உடைந்து ஆல்டிஹைடுகள் ஆகும்போதுதான் வாடை கிளம்பும். அதாவது, மூக்குக்குத் தெரியும்போது குற்றம் பழசு, எஃப்.ஐ.ஆர். மட்டும்தான் புதுசு.

இல்லத்தரசி, கரூர்
சிக்கு வாடை, காறல்: இரண்டும் ஒன்றா?

சிக்கு மூக்குக்குத் தெரிவது, காறல் தொண்டைக்குத் தெரிவது. என் வீட்டு அகராதி இது. தலையில் சிக்கு விழுந்தால் எண்ணெய் வைத்து எடுத்துவிடலாம். எண்ணெயிலேயே சிக்கு விழுந்தால்?

தமிழாசிரியர், ஓய்வு, கும்பகோணம்
எள்ளிலிருந்து எடுப்பதுதானே எண்ணெய்? 'கடலை எண்ணெய்' என்பது இலக்கணப் பிழை அல்லவா?

எள் கூட்டல் நெய், எண்ணெய். மறுக்க முடியாது ஐயா. ஆனால் உங்கள் கணக்குப்படி 'மண்ணெண்ணெய்' என்றால் மண்ணில் விளைந்த எள்ளின் நெய். ரேஷன் கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், வரிசையிலிருந்து தள்ளிவிடுவார்கள்.

ஆறாம் வகுப்பு, விழுப்புரம்
வேர்க்கடலை கொட்டை வகைதானே தாத்தா?

தாத்தா இல்லை, மாமா. கொட்டையும் இல்லை, பருப்பு வகை. துவரைக்கும் அவரைக்கும் பங்காளி. பூ மேலே பூக்கும், காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய் காய்க்கும். சொந்த ஊர் தென் அமெரிக்கா. உங்கள் ஊரில் மல்லாட்டை என்பார்களே, அது மணிலாக்கொட்டை தேய்ந்து வந்த பெயர். யாழ்ப்பாணத்தில் கச்சான். ஊருக்கு ஊர் பெயர் மாற்றிக்கொள்பவரைப் போலீஸ் தேடும். இவரைப் பொட்டலம் கட்டித் தின்கிறோம்.

மென்பொருள்காரர், சோழிங்கநல்லூர்
வால்நட் எண்ணெய் வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டே மாதத்தில் பெயிண்ட் வாடை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

கடைக்காரரை விடுங்கள். அது பெயிண்ட்டேதான்! ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் வண்ணம் குழைக்க எடுத்த எண்ணெய்களில் வால்நட் என்கிற அக்ரூட்டும் ஒன்று. டாவின்சியும் பயன்படுத்தினார். காற்றுப் பட்டால் பிசினாகி இறுகும் குணம் ஓவியருக்கு வரம், சமையலறைக்குச் சாபம். அதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம். போதாததற்கு, அதைவிட வேகமாகக் கெடும் லினோலெனிக்கும் நூற்றுக்குப் பத்துக்குமேல். சின்ன பாட்டிலாக வாங்குங்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள், சூடாக்காமல் சாலட்டில் ஊற்றுங்கள். மிச்சமிருப்பதை வைத்து மோனலிசாவை முயற்சி செய்யலாம்.

அவர் மனைவி, அதே முகவரி
அப்படியானால் பாதாம் எண்ணெய்?

அக்ரூட்டை விடப் பொறுமைசாலி. அதில் பெரும்பங்கு ஒலிக் அமிலம். ஓர் இரட்டைப் பிணைப்புதான். லினோலிக்குக்கு இரண்டு, லினோலெனிக்குக்கு மூன்று. ஒலிக்கை விட லினோலிக் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக ஆக்சிஜனிடம் மாட்டும். கதவு கூடினால் திருடனுக்கு வசதி.

விவசாயி, திண்டிவனம்
சீக்கிரம் கெடாத கடலை ரகம் ஏதும் இல்லையா?

எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! இருக்கிறது. ஒலிக் அமிலம் நூற்றுக்கு 80-ஐ நெருங்கும் கிர்நார் 4, கிர்நார் 5. ஜுனாகட் நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் இக்ரிசாட்டும் சேர்ந்து கொண்டுவந்தவை. எண்ணெய் கெடுவதைத் தள்ளிப்போடலாம். மனிதனுக்கு இந்த ரகம் இன்னும் வெளியாகவில்லை.

குடும்பத்தலைவி, நாகர்கோவில்
தேங்காய் எண்ணெய் சோப்பு மாதிரி ருசிக்கிறது. ஏன்?

சோப்புக் கம்பெனி அதைத்தானே வாங்குகிறது! தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். கொப்பரை சரியாகக் காயாமல் ஈரமும் பூஞ்சையும் ஏறினால் அந்த அமிலம் கழன்று தனியே திரியும். அதுதான் சோப்பு ருசி. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் காற்றிடம் அது பயில்வான், தண்ணீரிடம் நோஞ்சான். ஈரக் கரண்டியை உள்ளே விட்டவர் யார் என்று வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷன் போடுங்கள்.

சந்தேகப் பிராணி, பொள்ளாச்சி
தேங்காய் எண்ணெயில் நாலு மிளகு போட்டால் காறாது என்கிறாரே பாட்டி?

போடுங்கள், தப்பில்லை. மிளகில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சரக்கு கொஞ்சம் உண்டு. ஆனால் அஞ்சு லிட்டருக்கு நாலு மிளகு என்பது மாநாட்டுப் பந்தலுக்கு ஒரே காவலர் போட்ட மாதிரி. மிளகைக் காயவைத்துப் போட்டீர்களா என்பதுதான் முக்கியம்.

மூத்த குடிமகன், விருதுநகர்
எங்கள் ஊரில் நல்லெண்ணெய் மட்டும் லேசில் கெடாது. என்ன மாயம்?

ஊர் மாயம் இல்லை, எள் மாயம். செசமால், செசமாலின் என்று பரம்பரைக் காவல்காரர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். சூடு பட்டால் செசமாலின் உடைந்து இன்னும் கொஞ்சம் செசமால் ஆகும். எதிரி வந்தால் ஆள்பலம் கூடுகிற ஒரே கோட்டை.

அதே குடிமகன்
செக்கில் எள்ளோடு கருப்பட்டி போடுவது இனிப்புக்கா?

இனிப்பு புண்ணாக்கோடு போய்விடும். எள் மாவு பிடித்து, எண்ணெய் பிரிந்து வரத்தான் கருப்பட்டி. புண்ணாக்கைக் கேட்டுப் பாருங்கள், மாடு சாட்சி சொல்லும்.

பேச்சிலர், வேளச்சேரி
எங்கள் கிச்சனில் அடுப்புக்கு மேலேதான் அலமாரி. எண்ணெய் அங்கேதான். தவறா?

வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது ரசாயனக்காரர்களின் தோராயக் கணக்கு. உங்கள் எண்ணெய் தினமும் ஆவிக்குளியல் எடுக்கிறது. கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள். குனிந்து எடுப்பது உங்கள் தொப்பைக்கும் நல்லது.

பாரம்பரியப் பிரியை, தஞ்சாவூர்
பாட்டியின் பித்தளைத் தூக்கில் எண்ணெய் வைத்திருக்கிறேன். அழகோ அழகு. சரிதானே?

அழகு சரி, உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா? பித்தளை என்றால் பாதிக்கு மேல் செம்பு. செம்பும் இரும்பும் கல்யாணத் தரகர் மாதிரி. எண்ணெயையும் காற்றையும் சேர்த்துவைத்துவிட்டு, தாம் தேயாமல் அடுத்த ஜோடியைத் தேடும். தூக்கைக் கொலுவில் வையுங்கள். எண்ணெய்க்கு எவர்சில்வர், பீங்கான் ஜாடி, இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணாடி பாட்டில்.

சூப்பர் மார்க்கெட் வாசி, கோவை
முன்வரிசையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பொன்னாகப் பளபளக்கும் பாட்டிலை எடுக்கலாமா?

பொண்ணு பார்க்கப் போனீர்களா, எண்ணெய் வாங்கப் போனீர்களா? வெளிச்சமும் எண்ணெய்க்குச் சத்துரு. கையை நீட்டிப் பின்வரிசைப் பாட்டிலை எடுங்கள், அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பின் பெஞ்ச்சுக்கு மதிப்புள்ள ஓரிடம்.

குதர்க்கவாதி, ஈரோடு
வெளிச்சம் ஆகாது என்கிறீர். செக்குக்காரர் மட்டும் எண்ணெயை வெயிலில் வைக்கிறாரே?

பிடித்துவிட்டீர்கள்! செக்கிலிருந்து இறங்கும் எண்ணெயில் ஈரமும் பருப்புத் தூளும் கலந்திருக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் காட்டினால் ஈரம் போகும், மண்டி அடியில் தங்கும். ஒரு தீமையை விரட்ட இன்னொரு தீமையைக் கொஞ்ச நேரம் வாடகைக்கு எடுக்கிறார். தெளிந்ததும் இறுத்து நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலிலேயே மறந்துவிட்டால் வாடகைக்கு வந்தவர் வீட்டை எழுதி வாங்கிவிடுவார்.

மருமகள், மன்னார்குடி
அத்தை உங்களுக்கு எழுதியது தெரியும். பழைய எண்ணெய் கால் டப்பா இருக்கும்போதே அதன் மேல் புதுசை ஊற்றுகிறார். கேட்டால் 'கலந்துடும்' என்கிறார்.

கலந்துதான் விடும், அதுதானே பிரச்சினை! பழைய எண்ணெயில் உருவான பெராக்சைடு புதிய எண்ணெயில் சங்கிலி வினையைத் தூண்டிவிடும். நேற்று வந்த பிள்ளையைப் பழைய ரவுடி கையில் ஒப்படைப்பது போல. டப்பாவைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, பிறகு ஊற்றச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். உங்கள் பெயர் வேண்டாம்.

கவனக்குறைவு, கடலூர்
எப்படித்தான் முகர்ந்து பார்ப்பது? மூடியைத் திறந்தால் எல்லா எண்ணெயும் ஒரே வாசனை.

மூடியை முகர்ந்தால் மூடியின் கதைதான் தெரியும். விளிம்பில் வழிந்து காய்ந்த எண்ணெய் எப்போதும் முதலில் கெடும். அதை வைத்து உள்ளே இருப்பதற்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. என் அப்பா செக்கடியில் கணக்கு எழுதியவர். இரண்டு சொட்டு உள்ளங்கையில் விடுவார், சூடு பறக்கத் தேய்ப்பார், குழிந்த கையை மூக்கருகே கொண்டுபோய் ஒரே ஒரு தடவை இழுப்பார். மூன்று தடவை இழுத்தால் மூக்கு மரத்துவிடும் என்பார்.

கடலை எண்ணெயில் வறுகடலை வாசம் வந்தால் சுகம். மணமே இல்லாவிட்டால் கிழடு தட்டுகிறது. பச்சைப்புல், பிறகு ஈர அட்டை, பிறகு வண்ணப் பென்சில், கடைசியில் பெயிண்ட் டப்பா: இந்த வரிசையில் எதுவாக இருந்தாலும் விடைகொடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் அரைச் சொட்டு நாக்கில் வைத்துத் துப்புங்கள். கசப்பு, தொண்டையில் கரகரப்பு என்றால் வழக்கு முடிந்தது. காலையில், காபிக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம். வெற்றிலை போட்டவர் சாட்சியம் செல்லாது.

மூக்கு அடைத்தவர், ஊட்டி
எனக்கு மோப்பமே கிடையாதே ஐயா?

பக்கத்து வீட்டு மூக்கைக் கடன் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடம். பெராக்சைடு எண் என்று ஓர் அளவு சொல்வார்கள். சர்வதேச கோடெக்ஸ் தரப்படி ரீஃபைண்ட் எண்ணெய்க்குக் கிலோவுக்கு 10 வரை, செக்கெண்ணெய் ரகத்துக்கு 15 வரை. ஒரு வேடிக்கை: எண்ணெய் முற்றிக் கெட்டபின் பெராக்சைடு உடைந்து இந்த எண் இறங்கவும் செய்யும். நாளாக நாளாக நல்லவராகும் சில பெரிய மனிதர்களைப் போல.

ஆசுவாசம் தேடுபவர், சேலம்
காறிய எண்ணெயில் பொரித்த வடையை நாலு தின்றுவிட்டேன். உயிருக்கு ஆபத்தா?

நாலாவது வடை வரை போனீர்களே, உங்கள் நாக்குக்குத்தான் ஆபத்து. ஒருவேளை தின்றதால் பொதுவாக ஒன்றும் ஆகாது. வயிறு கலங்கி நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். தெரிந்தே தினமும் ஊற்றுவது வேறு கதை. வைட்டமின் ஈ போயிருக்கும், வேண்டாத ஆல்டிஹைடுகள் வந்திருக்கும். செலவு மட்டும் அப்படியே இருக்கும்.

தன்னம்பிக்கைவாதி, மதுரை
என் மூக்கு புலி மூக்கு. வாடை இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம்தானே?

புலிக்கும் தெரியாத ஒன்று உண்டு, அண்ணாச்சி. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் பொத்துப் பொத்தென்று செத்தன. காரணம் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் மாட்டியது தீவனம்: பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை; அது சுரந்த நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். மணமில்லை, ருசியில்லை, சமையல் சூட்டுக்கும் அசைவதில்லை. கல்லீரலுக்குப் பகை.

ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும். எண்ணெயில் வருவதை ரீஃபைனரியின் காரச் சுத்திகரிப்பு நீக்கும். செக்கில் அந்த வசதி இல்லை. ஆகவே சொந்தக் கடலையைச் செக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் முறத்தில் கொட்டிச் சூம்பினது, கறுத்தது, பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறியுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், பால் வழியாக வீட்டுக்கே திரும்பும். இந்தப் பதிலில் ஜோக் கிடையாது.

பக்கத்துச் செக்கு வாடிக்கையாளர், திருப்பூர்
'மரச்செக்கு, வாகை மரம், நூறு சதவீதம் சுத்தம்' என்று போர்டு. நம்பலாமா?

போர்டு மரமா என்று பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, புண்ணாக்கு விலையைக் கழித்து, ஆட்டுக்கூலியைச் சேருங்கள். அதற்கும் கீழே விற்பவர் ஒன்று தியாகி, இல்லை விஞ்ஞானி.

அவசரக் கேள்வி, தூத்துக்குடி
செக்கு என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருபவர்?

கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக இழுத்த வ.உ.சி.

தூய்மைவாதி, அண்ணா நகர்
நான் ரீஃபைண்ட் மட்டும்தான். அது கெடாதல்லவா?

வெற்றிடத்தில், 200 டிகிரிக்கு மேல், நீராவி அடித்து வாசனையை உருவிவிடுகிறார்கள். ஆகவே பிறக்கும்போது மணம் கிடையாது. கெடுவது மட்டும் பிறப்புரிமை. சில கம்பெனிகள் அதைத் தள்ளிப்போட டி.பி.எச்.க்யூ. சேர்க்கும், கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை அனுமதி. லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் படியுங்கள். ராசிபலனை அப்படித்தானே படிக்கிறீர்கள்?

கறார் பேர்வழி, சிவகாசி
லேபிளில் இன்னும் நாலு மாதம் பாக்கி. ஆனால் வாடை வருகிறது. எதை நம்ப?

மூக்கை. லேபிள் தேதி சீல் உடைக்காத பாட்டிலுக்கு. சீலை உடைத்த நிமிஷத்திலிருந்து கம்பெனிக்கும் உங்களுக்கும் விவாகரத்து. திறந்த தேதியை ஒரு துண்டு பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு என் கணக்கு: கடலை எண்ணெய் திறந்து இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. தீராவிட்டால் வாங்கும் அளவைக் குறையுங்கள், பஜ்ஜியைக் கூட்டாதீர்கள்.

வியாபாரக் கணக்கு, காங்கேயம்
ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ இருப்பதில்லை?

தண்ணீரை விட இளைத்தது. லிட்டருக்குச் சுமார் 910 கிராம். லிட்டரில் வாங்கிக் கிலோவில் விற்பவர் நஷ்டப்படுவார். கிலோவில் வாங்கி லிட்டரில் விற்பவர் காங்கேயத்தில் வீடு கட்டுவார்.

ஃப்ரிட்ஜ் பக்தை, மார்த்தாண்டம்
ஃப்ரிட்ஜில் வைத்த கடலை எண்ணெய் கலங்கி மேகமாக இருக்கிறது. கெட்டுவிட்டதா?

குளிரில் விறைத்திருக்கிறது. வெளியே வையுங்கள், தெளிந்துவிடும். தேங்காய் எண்ணெய் என்றால் 24, 25 டிகிரியிலேயே கல்லாகிவிடும். மார்கழிக் காலையில் அதைக் குச்சியால் குத்தாத தமிழன் உண்டா? ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காய் எண்ணெயில் ஒரு பகுதி உறையாமல் தனிப் படலமாக நின்றால்தான் யோசிக்க வேண்டும். உள்ளே வேறு யாரோ இருக்கிறார்.

பழங்கதை ரசிகர், திருநெல்வேலி
வனஸ்பதியில் நல்லெண்ணெய் கலக்கச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டதாமே?

உண்மை. குறைந்தது 5 சதவீதம். நெய்யில் வனஸ்பதி கலந்தால் கண்டுபிடிக்க வேண்டும். நல்லெண்ணெயோ ஃபர்ஃபியூராலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பட்டால் இளஞ்சிவப்பாகிவிடும். திருடன் தப்பினாலும் சட்டையில் சாயம் ஒட்டியிருக்கட்டும் என்று முன்கூட்டியே சட்டை தைத்துக் கொடுத்தார்கள்.

தொண்டைக் கரகரப்பு, பஸ் ஸ்டாண்ட்
டீக்கடை பஜ்ஜிச் சட்டி எண்ணெய்க்குச் சட்டம் ஏதும் உண்டா?

உண்டு. 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்ட வேண்டும். கருவி இல்லாத நீங்கள் சட்டியை எட்டிப் பாருங்கள். நுரை அடங்காமல் நிற்கிறதா, சீக்கிரமே புகைகிறதா, கரண்டியில் பாகு மாதிரி இழுக்கிறதா? டீ மட்டும் குடியுங்கள்.

வீட்டுப் பஜ்ஜி, நங்கநல்லூர்
வீட்டில் பொரித்து மிஞ்சியதை என்ன செய்ய?

ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். அடியில் கருகிக் கிடக்கும் மாவுத் துணுக்குதான் கெடுதலுக்குக் கிரியா ஊக்கி. நல்ல எண்ணெயோடு சேர்க்காமல் சின்ன டப்பாவில் தனியே வைத்து, இரண்டு மூன்று நாளில் தாளிப்பிலேயே தீர்த்துவிடுங்கள். மீன் பொரித்தது என்றால் தாளிப்பு ரசத்தில் தெரிந்துவிடும், ஜாக்கிரதை.

சமையல் சோதனையாளர், புதுச்சேரி
பூண்டைப் பச்சையாக எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். எண்ணெய்க்கடியில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தைத்தான் பொட்டுலிசம் கிருமி தேடும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இப்படி வைத்த பூண்டு பலரைப் படுக்க வைத்தது. நம் பூண்டு ஊறுகாய் பிழைப்பது புளிப்பாலும் உப்பாலும், எண்ணெயால் மட்டுமல்ல.

சிப்ஸ் பாக்கெட் விரோதி, தாம்பரம்
பாக்கெட்டில் பாதி காற்றை அடைத்து விற்கிறார்களே, அக்கிரமம்தானே?

காற்றை அடைத்தால்தான் அக்கிரமம். அது நைட்ரஜன். ஆக்சிஜனை வெளியேற்றி எண்ணெய் காறாமல் காக்கிறது. காவல்காரர் வீட்டில் முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டது மட்டும்தான் உங்கள் குறை. அதில் நான் உங்கள் கட்சி.

பக்தை, திருவொற்றியூர்
காறிய எண்ணெயைச் சாமி விளக்குக்கு ஊற்றலாமா?

கேட்கும் ஊரைப் பாருங்கள்! எண்ணெய் வாங்க வழியில்லாமல் தன் கழுத்தை அரிந்து இரத்தத்தால் விளக்கெரிக்கத் துணிந்த கலிய நாயனார் உங்கள் ஊர்க்காரர். நீங்கள் வேண்டாததைத் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள். வாசல் அகலுக்கு ஊற்றுங்கள். கொசு வேண்டுமானால் கோபித்துக்கொண்டு போகட்டும்.

மெக்கானிக், ஓசூர்
கதவுக் கீலுக்கு விடலாமா? இல்லை பைக்குக்கு?

கீலுக்கு விட்டால் முதல் வாரம் வழுக்கும், பிறகு பிசினாகிக் கதவு முனகும். பைக்குக்கு? 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது, யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் பைக் பெட்ரோல் ஜாதி, ஆசைப்படாதீர்கள். ஹோட்டல்காரர்கள் பயன்படுத்திய எண்ணெயை பயோடீசலுக்குக் கொடுக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் ரூகோ திட்டம் தொடங்கியது. வீட்டு எண்ணெய்க்கு: மரத்தூளிலோ பழைய பேப்பரிலோ ஊறவைத்துக் குப்பையில். சிங்க்கில் ஊற்றினால் அடுத்த கடிதம் பிளம்பரிடமிருந்து வரும்.

சோம்பேறி, கோடம்பாக்கம்
எண்ணெயைக் கெடாமல் வைக்க ஆகச் சிறந்த பாத்திரம் எது?

கடலை. ஓட்டுக்குள் தோலுக்குள் பருப்புக்குள் நுண்ணிய பொட்டலங்களாக எண்ணெயைக் கட்டி வைத்திருக்கிறது. உலர்ந்த இடத்தில் ஓட்டோடு வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வேண்டும்போது ஆட்டிக்கொள்ளலாம். சோம்பேறிக்குச் சரிவராத ஒரே யோசனை இதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகன், மன்னார்குடி
அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். உங்கள் பதிலால் வீட்டில் இரண்டு எண்ணெய் டப்பா ஆகிவிட்டது.

இரண்டும் சின்ன டப்பாதானே? அப்படியென்றால் நான் ஜெயித்துவிட்டேன்.

மாமனார், மன்னார்குடி
இவர்கள் யாருக்கும் தெரியாது. ஆடித் தள்ளுபடியில் 15 கிலோ டின் ஒன்றை ஏற்கெனவே வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பரண் ஓடு வெயிலில் கொதிக்கும், முதலில் கீழே இறக்குங்கள். காய்ந்த சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்புங்கள். மேலே காலியிடம் இருந்தால் அது காற்றுக்கு விட்ட திண்ணை. புழக்கத்துக்கு ஒன்றே ஒன்று. மற்றவை இருட்டறையில், தேதி எழுதி. மூன்று மாதத்தில் தீராதென்று தோன்றினால் சம்பந்தி வீட்டுக்கு இரண்டு, எதிர்வீட்டுக்கு ஒன்று இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பலாம். வாசம் இருக்கும்போதே அனுப்புங்கள்.